மந்திரத்துக்கும் விலை உண்டு: யாழ்ப்பாணத்திலிருந்து ஃபேன்டசி நாவல்களை மதிப்பிடுவது

2024இல் நெபுலா விருதின் சிறந்த நாவல் பரிசு கொழும்புக்காரர் ஒருவருக்குப் போனது. வஜ்ர சந்திரசேகர எழுதிய ‘தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ 2023 ஜூலையில் வெளிவந்தது. அது அவருடைய முதல் நாவல். அறிவியல் புனைவும், மந்திரமும் மாய உலகமும் வருகிற கதைகளான ஃபேன்டசியும் எழுதுகிறவர்களின் அமெரிக்கச் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் தருகிற விருதுதான் நெபுலா. தொழில் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்துக் கொடுப்பதால் அதற்குத் தனி மதிப்பு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், சிகிரியாவை மனதில் வைத்து எழுதிய ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலுக்காக இதே விருதை முன்பே பெற்றிருக்கிறார். ஆனால் இந்தத் தீவின் அரசியலை உள்ளிருந்து தொட்ட ஒரு ஃபேன்டசி நாவல் அந்த மேடைக்குப் போனது வேறு விஷயம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபெட்டர் என்றொரு பையன். அவன் பிறந்த உடனேயே தாய் அவனுடைய நிழலைப் பிய்த்து எடுத்துவிடுகிறாள். அவனை ஒரே ஒரு நோக்கத்துக்காக வளர்க்கிறாள்: அவன் தன் தகப்பனைக் கொல்ல வேண்டும். தகப்பனோ குடும்பத்தை விட்டுப் போய் உலகமே வணங்கும் ஞானியாகிவிட்டவர். பையன் வளர்ந்ததும் எல்லாவற்றையும் உதறிவிட்டு லூரியட் என்ற பெரிய நகரத்துக்குப் போய்விடுகிறான். அங்கே திறக்கவே முடியாத, பளிச்சென்று வண்ணம் தீட்டிய கதவுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. கூடவே கொள்ளைநோய், கும்பல் வன்முறை, மனிதரை வகை பிரித்து அடைத்து வைக்கும் முகாம்கள், எதற்கெடுத்தாலும் காட்ட வேண்டிய பத்திரங்கள். புத்தரின் குடும்பக் கதையும், மதம் அரசதிகாரத்தோடு கைகோத்த இந்நாட்டு வரலாறும் பின்னால் நிற்பது இலங்கையில் வளர்ந்த எவருக்கும் சில பக்கங்களிலேயே புரிந்துவிடும்.

இவ்வளவு இருந்தும் யாழ்ப்பாணத்தில், நான் கேட்டவரை, இந்த நாவலைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஆங்கிலத்தில் வாசிக்கிற இளைஞர்கள் தொலைபேசியில் படித்துவிட்டுத் தங்களுக்குள் கதைத்துக்கொள்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களில் அது வருவதில்லை. விலை ஒரு காரணம்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அதற்குப் பிறகு இறக்குமதிப் புத்தகம் வாங்குவது பெரிய செலவாகிவிட்டது. ஆனால் விலையைவிடப் பெரிய காரணம் வேறொன்று என்று நினைக்கிறேன். ஒரு ஃபேன்டசி நாவலைக் கையில் எடுத்தால் அதனிடம் என்ன கேட்பது என்று எங்கள் விமர்சன மரபு எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த மரபைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஈழத்துத் தமிழ் விமர்சனம் 1950களிலும் 60களிலும் உறுதியான தளத்தில் எழுந்தது. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவானது. விமர்சகர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வந்தது. விமர்சகர் கா. சிவத்தம்பி, டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ இதழ், மண்வாசனை, தேசிய இலக்கியம் என்ற விவாதங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கேள்வியைக் கூர்மையாக்கின: இந்தக் கதை எந்தச் சமூகத்தின் உண்மையைச் சொல்கிறது, யாருடைய பக்கம் நின்று சொல்கிறது? அந்தக் கேள்வி இல்லாவிட்டால் கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற ஒரு நாவலுக்கு இங்கே உரிய மரியாதை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். சாதி ஒடுக்குமுறையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்த ஒரு படித்த வட்டத்தை அந்த விமர்சனம் பேச வைத்தது.

சரி, அதே அளவுகோலை நிழலில்லாத பையனின் கதைக்கு வைத்தால் என்ன ஆகும்? ‘இப்படி நடக்குமா?’ என்ற முதலாவது கேள்வியிலேயே நாவல் தோற்றுவிடும். அல்லது விமர்சகர் பெருந்தன்மையாக, ‘இது உண்மையில் இன்ன பிரச்சினையைத்தான் சொல்கிறது’ என்று மந்திரத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு, மிஞ்சுகிற அரசியல் கருத்தைப் பாராட்டுவார். இரண்டாவது வழி முதலாவதைவிட மரியாதையாகத் தோன்றும். ஆனால் அதிலும் நாவல் வாசிக்கப்படவில்லை. கருத்தை மட்டும் சொல்வதானால் அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கலாமே. ஏன் நிழலைப் பிய்த்தார்? நிழல் இல்லாதவன் அந்த ஊரில் எப்படி நடக்கிறான், யார் கவனிக்கிறார்கள், அதனால் அவனுக்கு என்ன குறைகிறது? இதையெல்லாம் கேட்காமல் அந்த அரசியல்கூட முழுதாகப் பிடிபடாது. புங்குடுதீவு எழுத்தாளர் மு. தளையசிங்கம் அந்தக் காலத்திலேயே முற்போக்கு விமர்சனத்தின் வரம்புகளை எதிர்த்து எழுதினார். அவருக்கு இருந்த பிரச்சினை ஆன்மிகம் சார்ந்தது, ஃபேன்டசி சார்ந்ததல்ல. என்றாலும் கண்ணுக்குத் தெரிகிற உலகத்தோடு இலக்கியம் நின்றுவிட வேண்டுமா என்று இங்கிருந்தே ஒரு குரல் கேட்டது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஈழத்துத் தமிழ் நாவலின் ஆரம்பத்தைப் பார்த்தால் அது யதார்த்தத்தில் தொடங்கவே இல்லை. 1885இல் வந்த சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கும் சாகசக் கதை. திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. அதன் மூலம், பிறந்ததும் பிரிந்த இரட்டையரில் ஒருவன் அரண்மனையிலும் மற்றவன் காட்டில் கரடியிடமும் வளர்கிற ஐரோப்பிய வீரக்கதை. அதாவது எங்கள் முதல் நாவலாசிரியர்கள் தூர தேசத்தையும் அற்புதத்தையும் நாவலுக்கு இயல்பான பொருளாகவே எடுத்துக்கொண்டார்கள். அவற்றை நாவலின் குழந்தைப் பருவம் என்று ஒதுக்குவது பிற்பாடு வந்த பார்வை.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கூட இது சுலபமாக நடக்கவில்லை. டோல்கீனின் ‘தி லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ 1954, 55ஆம் ஆண்டுகளில் வந்தபோது கவிஞர் டபிள்யூ. எச். ஓடன் அதைக் கொண்டாடி எழுதினார். 1956இல் எட்மண்ட் வில்சன், அந்தக் காலத்தின் பெரிய விமர்சகர்களில் ஒருவர், அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று கிழித்துப் போட்டார். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்கள். வித்தியாசம் எங்கே வந்தது? வில்சன் வயதுவந்தவர்களின் நாவலில் எதிர்பார்க்கிற மனச்சிக்கலைத் தேடினார், கிடைக்கவில்லை. ஓடனோ தேடல் கதை என்ற பழைய வடிவம் இந்தப் புத்தகத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்.

டோல்கீனே இதற்கு ஒரு விளக்கத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தார். 1939இல் ஸ்கொட்லாந்தின் சென் அண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை இன்றைக்கும் இந்தத் துறையில் அடிப்படைப் பாடம். கதைசொல்லி ஓர் இரண்டாம் உலகத்தை உண்டாக்குகிறான், அதற்குள் மனதளவில் நுழைகிற வாசகனுக்கு அங்கே சொல்லப்படுவது அந்த உலகத்தின் விதிப்படி உண்மை என்கிறார். நம்பாமை எட்டிப் பார்த்த கணத்தில் மந்திரம் கலைந்துவிடும், கலை தோற்றுவிடும். ‘இப்படி நடக்குமா?’ என்ற கேள்வி இங்கே ‘இந்த உலகத்தில் இப்படி நடக்குமா?’ என்று மாறுகிறது. ஃபேன்டசி விமர்சனம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதை விளங்கிக்கொள்ள ஒக்ஸ்போர்டுக்குப் போகத் தேவையில்லை. குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் போதும். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்வோர் பலர். அந்தக் காப்பியத்தை ஒரு ஃபேன்டசி விமர்சகரின் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். மணிமேகலா தெய்வம் புகாரிலிருந்து மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு வந்து தீவில் விடுகிறது. அங்கே இருக்கிற பீடிகை அவளுடைய முற்பிறப்பைக் காட்டுகிறது. அப்புறம் தெய்வம் மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது: வேற்று உருவம் எடுக்க ஒன்று, வான்வழியே செல்ல ஒன்று, பசியைப் போக்க ஒன்று. பீடிகையைக் காக்கும் தீவதிலகை சொன்னபடி கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது.

இப்போது அந்த மந்திரங்கள் கதையில் என்ன செய்கின்றன என்று பாருங்கள். தன்னைத் துரத்துகிற இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்ப அவள் முதல் மந்திரத்தைப் பயன்படுத்துகிறாள், காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். அதே உருவத்தோடு புகாரில் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். காயசண்டிகையைத் தேடி வந்த கணவன் காஞ்சனன் இவளைத் தன் மனைவி என்றே நினைக்கிறான். மனைவி வேறொருவனோடு பேசுவதாகக் கண்டு கொதித்து, உதயகுமாரனை வாளால் வெட்டிவிடுகிறான். அந்தக் கொலைக்குப் பிறகு மணிமேகலை சிறைக்குப் போகிறாள். மந்திரம் அவளைக் காப்பாற்றியது, அதே மந்திரம் ஓர் உயிரையும் பறித்தது. மூன்றும் என்னென்ன என்று வாசகருக்கு முன்னமே சொல்லப்பட்டுவிட்டதால், பிறகு வரும் விபரீதம் வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றுவதில்லை. அது அந்த உலகத்தின் விதியிலிருந்தே முளைக்கிறது.

இன்றைய அமெரிக்க ஃபேன்டசியில் மிகவும் பேசப்படும் ஒரு கொள்கை இதற்கு மிக அருகில் வருகிறது. பிரண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதிய ஒரு கட்டுரையில், மந்திரத்தால் ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டுமென்றால் அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு அந்த அளவுக்கு விளங்கியிருக்க வேண்டும் என்றார். விதி தெளிவாக இருக்கும் மந்திரத்தைக் கெட்டி மந்திரம் என்றும், மர்மமாகவே விடப்படும் மந்திரத்தை மென் மந்திரம் என்றும் இன்று வாசகர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். இரண்டில் ஒன்று உயர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. டோல்கீனின் மந்திரவாதி கண்டால்ஃபுக்கு என்ன சக்தி என்று சரியாகச் சொல்லவே முடியாது. ஆனால் அவர் கதையின் முக்கியமான முடிச்சைத் தன் மந்திரத்தால் அவிழ்ப்பதும் இல்லை. மர்மமாக விட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் அதே மர்மத்தால் எல்லாரையும் காப்பாற்றுகிற நாவல்தான் வாசகரை ஏமாற்றுகிறது. புதிய நாவல்களில் நான் அடிக்கடி காணும் குறை அது.

விதியைவிட விலை எனக்கு முக்கியம். ஒரு மந்திரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு ஃபேன்டசி நாவலின் ஒழுக்க உலகம் முழுதும் திறந்துகொள்ளும். அர்சுலா கே. லெகுவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஒஃப் எர்த்ஸீ’யில் கெட் என்ற இளம் மந்திரவாதி வீம்புக்குச் செய்த ஒரு காரியத்தால் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான், நாவல் முழுக்க அதற்கே பதில் சொல்கிறான். என். கே. ஜெமிசினின் ‘தி ஃபிஃப்த் சீசன்’ நாவலில் பூமியதிர்ச்சியை அடக்கும் சக்தி உள்ளவர்களை அந்தச் சக்திக்காகவே சமூகம் அடிமைகளாக வளர்க்கிறது. அந்தத் தொடரின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து இந்தத் துறையின் இன்னொரு பெரிய விருதான ஹியூகோவைப் பெற்றன. அதற்கு முன்பு யாருக்கும் அப்படி நடக்கவில்லை. எங்களிடம் கைலாசபதி வளர்த்த கேள்வி இந்த இடத்தில்தான் திரும்பி வந்து உதவுகிறது. யாருடைய உழைப்பில், யாருடைய உடலில் இந்த அற்புதம் நிற்கிறது? யதார்த்த நாவலிடம் கேட்ட அதே கேள்வியை அந்த உலகத்தின் விதிகளுக்குள் நின்று கேட்க வேண்டும். பழைய மரபைத் தூக்கி எறியாமலே புதிய வகையை மதிப்பிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

நடையைப் பற்றி லெகுவின் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை தமிழில் ஃபேன்டசி எழுத நினைக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. அவர் ஒரு ஃபேன்டசி நாவலிலிருந்து ஓர் உரையாடலை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஆட்பெயர், இடப்பெயர் சிலவற்றை மட்டும் மாற்றுகிறார். அது அப்படியே வாஷிங்டனில் இரண்டு அரசியல்வாதிகள் பேசுவதாகிவிடுகிறது. அதாவது மாயலோகம் பெயரில் மட்டும்தான் இருந்திருக்கிறது, வாக்கியங்களில் இல்லை. இந்தச் சோதனையைத் தமிழ் நாவல்களுக்கும் செய்யலாம். கற்பனை ராச்சியத்து மந்திரி பேசுவதை எடுத்து, பெயரை மாற்றி, ஒரு தொலைக்காட்சித் தொடரின் மாமனார் வாயில் வைத்துப் பாருங்கள். அச்சொட்டாகப் பொருந்தினால் அந்த ராச்சியம் இன்னும் எழுதப்படவில்லை. மறுபக்கத்திலும் ஆபத்து உண்டு. செந்தமிழை அள்ளிக் கொட்டினால் பழங்காலம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உலகத்தில் மீன் விற்கிறவள் எப்படிப் பேசுவாள் என்று தெரியாத எழுத்தாளருக்கு அரசன் எப்படிப் பேசுவான் என்பதும் தெரிந்திருக்காது. ‘யாழ்ப்பாண வைபவமாலை’ எழுதிய மயில்வாகனப் புலவரின் காலத்திலிருந்து இங்கே சொல்லப்பட்டு வரும் மாருதப்புரவீகவல்லியின் கதையில், குதிரை முகம் கொண்ட இளவரசி கீரிமலையில் நீராடி அந்த முகம் நீங்கப் பெறுகிறாள். அதைச் சொல்கிறவர்கள் சத்தத்தை உயர்த்துவதில்லை. கேணியைக் காட்டி, மாவிட்டபுரம் கோயிலைக் காட்டி, ஊர்ச் செய்தி மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தொனியிலிருந்து ஒரு நாவலாசிரியர் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அப்புறம் ஒரு கேள்வி இலங்கை வாசகர்களுக்கு விசேஷமாக முக்கியம்: இந்த நாவல் யாருக்கு விளக்கம் சொல்கிறது? ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேய்தா’ 2022இல் புக்கர் பரிசு பெற்றது. கொல்லப்பட்ட ஒரு புகைப்படக்காரர் தன்னைக் கொன்றது யார் என்று மறுவுலகத்திலிருந்து தேடுகிற கதை அது. செத்தவர்கள் வரிசையில் நின்று அலைக்கழிகிற அந்த மறுவுலக அலுவலகத்தை இலங்கையில் ஒரு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போய்வந்த எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்த நாவலின் முந்திய வடிவம் 2020இல் இந்தியாவில் வேறு பெயரில் வெளிவந்தது. பிரித்தானியப் பதிப்புக்காக, இந்நாட்டு அரசியலும் நம்பிக்கைகளும் தெரியாத வாசகருக்கும் புரியும்படி ஆசிரியர் அதைத் திருத்தி எழுதினார். இது குற்றமில்லை. ஆனால் விமர்சகர் கவனிக்க வேண்டிய தடயம். ‘தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ எதிர்ப்பக்கம் நிற்கிறது. அது பெரும்பாலும் விளக்குவதில்லை. அமெரிக்க விமர்சகர் ஒருவருக்கு விநோதமான கற்பனையாகத் தெரிகிற ஓர் இடம் இங்கே வாசிக்கிறவருக்கு நேற்றைய செய்தியாகத் தெரியும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற சனத்துக்கு லூரியட்டின் பத்திரங்களைப் பற்றி அடிக்குறிப்பு வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாவலுக்கு ஒரு நல்ல விமர்சனம் வந்தால், வெளியே எவராலும் எழுத முடியாத பகுதிகள் அதில் இருக்கும்.

அதற்காக ஆசிரியரை அவருடைய இனத்துக்குள் அடைத்துப் போடுவது சரியில்லை. எங்கள் கூட்டங்களில் ஒரு புதிய ஆசிரியரின் பெயர் வந்ததும் அவர் யார், எந்த ஊர், எந்தப் பக்கம் என்று விசாரிக்கிற பழக்கம் உண்டு. போர் முடிந்த பிறகும் அந்த விசாரணை தொடர்வதற்கான காரணங்கள் எனக்கு விளங்கும். ஆனால் ஃபேன்டசியில் அது வாசிப்பைக் கெடுக்கும். சிங்கள எழுத்தாளர் பேரினவாதத்தைக் கண்டித்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில் நாவலின் பின்பாதியில் உள்ள தளர்வுகளைச் சொல்லாமல் விட்டால் அது அவருக்கும் நல்லதில்லை, எங்களுக்கும் நல்லதில்லை. எனக்கு அந்த நாவலின் நகரப் பகுதி மிகப் பிடித்தது. தீர்க்கதரிசனம் தப்பிப்போய்த் தெரிவாகாமல் மிஞ்சியவர்கள் ஒன்றுகூடி ஆறுதல் தேடும் சபை ஒன்று வருகிறது. நாயகன் என்றால் தெரிவு செய்யப்பட்டவன் என்ற ஃபேன்டசியின் அரதப் பழசான சூத்திரத்தை அது அன்போடு கலைத்துப் போடுகிறது. ஆனால் பிற்பகுதியில் சம்பவங்கள் நெருக்கியடித்து வருகின்றன. சில மனிதர்கள் தங்கள் முறை வருமுன்பே மறைந்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் அந்த ஆசிரியருக்குக் கொடுக்கும் மரியாதை.

இங்கேதான் எங்கள் நூல் வெளியீட்டு விழாக்கள் இடைஞ்சலாக நிற்கின்றன. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, வெளியீட்டுரை, முதற்பிரதி பெறல், நயப்புரை, கடைசியில் ஏற்புரை. பெரும்பாலான புத்தகங்களைப் பற்றி ஊரில் பேசப்படும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அந்த நயப்புரைதான். பேசுகிறவர் ஆசிரியரின் ஆசிரியராக இருப்பார், இல்லாவிட்டால் உறவினராக இருப்பார். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குறையைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? விழா ஒரு கொண்டாட்டம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆறு மாதம் கழித்து, ஆசிரியர் இல்லாத ஓர் அறையில், புத்தகத்தைப் படித்த ஐந்து பேர் உட்கார்ந்து கதைக்கிற வழக்கமும் வேண்டும். ஊருக்கு ஊர் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் இருக்கிற மாவட்டம் இது. இடத்துக்குப் பஞ்சமில்லை.

‘தப்பி ஓடுகிற வாசிப்பு’ என்ற குற்றச்சாட்டை இங்கே அடிக்கடி கேட்கிறேன். இவ்வளவு பிரச்சினை உள்ள ஊரில் டிராகனும் மந்திரவாதியும் எதற்கு என்று. டோல்கீன் அதே 1939 உரையில் இதற்கும் பதில் சொல்லியிருக்கிறார். சிறையில் இருக்கிறவன் வெளியே போக நினைப்பதையும், போர்க்களத்திலிருந்து படைவீரன் தன் கடமையை விட்டு ஓடுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள் என்றார். 1916இல், முதல் உலகப் போரில், சோம் போர்க்களத்தில் நின்றுவிட்டு வந்த மனிதர் சொன்ன பேச்சு அது. யாழ்ப்பாணத்துக்கு இது நன்றாகவே விளங்க வேண்டும். 1990க்குப் பிறகு வருடக்கணக்காகக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கமாக இருந்தது, நாளிதழ்கள் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாகின. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கின் வெளிச்சத்தில் பழைய அம்புலிமாமாவையும் முத்து காமிக்ஸையும் மாறி மாறிப் படித்த பிள்ளைகளுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இல்லை. விக்கிரமாதித்தன் வேதாளத்துக்குப் பதில் சொல்கிற பக்கத்தில் அவர்களுக்கு ஒரு நியாயமான உலகம் கிடைத்தது, சரியான பதிலுக்கு மதிப்பிருக்கிற உலகம். அதைத் தப்பியோட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் எல்லா ஃபேன்டசியும் இந்தத் தகுதியோடு வருவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளாகக் காதலும் டிராகனும் கலந்த ‘ரொமான்டசி’ என்ற வகை மேற்கில் கோடிக்கணக்கில் விற்கிறது. டிக்டொக்கில் புத்தகம் காட்டுகிறவர்கள் வழியே அது இங்குள்ள பிள்ளைகளின் தொலைபேசிக்கும் வந்துவிட்டது. ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ 2023இல் வந்த புத்தகங்களில் இதற்கு நல்ல உதாரணம். அதைப் படிக்கிற பெண்பிள்ளைகளைக் கண்டிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். காதலில் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவள் வாயால் சொல்கிற கதைகள் எங்கள் வீடுகளில் குறைவு. அங்கே நான் வைக்கிற கேள்வி வேறு: அதில் வரும் போர்க் கல்லூரியையும் டிராகன்களையும் எடுத்துவிட்டால் அந்தக் காதல் கதை அப்படியே நிற்குமா? நின்றால் அந்த உலகம் வெறும் திரைச்சீலைதான்.

விருதுகளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால் புதிய பெயர்கள் பெரும்பாலும் அவற்றின் வழியேதான் எங்களிடம் வருகின்றன. ஹியூகோ உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களிப்பது, அதாவது ரசிகர்களின் விருது. உலக ஃபேன்டசி விருதின் முடிவை ஒரு நடுவர் குழு எடுக்கிறது. எதுவும் புனிதமில்லை. 2023இல் சீனாவின் செங்டு நகரில் நடந்த மாநாட்டில் ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல் போட்டிக்குத் தகுதியற்றது என்று சரியான காரணம் சொல்லாமல் ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வாக்கு விவரங்கள் வெளிவந்த பிறகுதான் அது தெரிந்து பெரிய சர்ச்சையாயிற்று. விருதைக் கண்டு புத்தகத்தை எடுக்கலாம், மதிப்பை அதிலிருந்து எடுக்க முடியாது. நல்ல விமர்சனம் எங்கே வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ என்ற இணைய இதழை. 2000இல் அதைத் தொடங்கியவர் கொழும்பில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போன தமிழ்ப் பெண், மேரி ஆன் மோகன்ராஜ். வஜ்ர சந்திரசேகரவும் அதன் புனைகதை ஆசிரியர்களில் ஒருவராக இருந்திருக்கிறார். இந்தத் துறைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தமிழில் என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 1997இல் வந்தது. ஒரு கோயில் நகரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பனையில் கட்டி எழுப்பி, கடைசியில் பிரளயத்தில் அழிக்கிறது. இரண்டாம் உலகம் என்று டோல்கீன் சொன்னதைத் தமிழில் அந்த அளவில் முயன்ற வேறு நாவலை நான் படித்ததில்லை. அதன் தத்துவ விவாதங்களோடு எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல. ஆனால் அந்த நகரத்தின் கல்லும் தூசியும் பொய்யாக ஒரு பக்கத்திலும் தோன்றவில்லை. ஈழத்திலிருந்து அப்படி ஒரு முயற்சி இன்னும் வர வேண்டும். பனைகளுக்கும் கடல்நீரேரிக்கும் நடுவே, நாகர்களின் கதைகளைக் காலடியில் வைத்துக்கொண்டிருக்கிற நிலம் இது. அம்மம்மாமார் சொன்ன முனியும் கொத்திப் பேயும் இன்னும் நாவலுக்குள் ஒழுங்காகக் குடியேறவில்லை.

புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் தொடர் நாவல்கள். முதல் பாகத்தை மட்டும் படித்துவிட்டு எழுதும் விமர்சனம் எப்போதும் அரைகுறைதான். கட்டிய உலகம் நிற்குமா, போட்ட முடிச்சு அவிழுமா என்பது கடைசிப் பாகத்தில்தான் தெரியும். அந்த விமர்சனத்தை எழுதத்தான் வேண்டும், ஆனால் எதைத் தீர்ப்பாகச் சொல்கிறோம், எதைத் தள்ளி வைக்கிறோம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். முடிவை வெளியே சொல்லிவிடாமல் எழுதுவதும் ஒரு பொறுப்பு. கதைச்சுருக்கம் மூன்றிலொரு பங்கோடு நிற்கட்டும், மீதி இடம் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதற்குப் போகட்டும்.

தாஷா சூரியின் ‘தி ஜாஸ்மின் த்ரோன்’ இந்தப் பயிற்சிக்கு நல்ல புத்தகம். இந்திய வரலாற்றின் சாயலில் கட்டிய ஒரு பேரரசு, பாழடைந்த கோயிலில் சிறை வைக்கப்பட்ட இளவரசி, அங்கே வேலை செய்ய வரும், தன் சக்தியை மறைத்து வைத்திருக்கும் பணிப்பெண். 2021இல் வந்த இந்த நாவல் அடுத்த ஆண்டு உலக ஃபேன்டசி விருதைப் பெற்றது. மந்திரத்துக்கு அதில் விலை உண்டு, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே கதை. 2024இல் மூன்றாம் பாகமும் வந்துவிட்டதால் முழுத் தொடரையும் இப்போது ஒன்றாக வைத்து மதிப்பிடலாம். அதைப் படித்து முடித்தவர் அடுத்து லூரியட்டுக்குப் போகட்டும், கையில் மணிமேகலையின் ஓர் உரைப் பதிப்பையும் வைத்துக்கொண்டு.